கவிழ்த்து வைத்த போசி

துடியலூருக்கு மேற்கே மூடிக் கிடந்த கல்குவாரியில், பறவைகளுக்காகக் குளமும் பூங்காவும் அமைக்கிற வேலை 1997இல் நடந்தது. மாசாணியம்மாள் அங்கே கோரை நடப் போனாள்.

மூன்று வருஷத்துக்கு முன் அந்தக் குழியில்தான் பாறை சரிந்து அவள் புருஷன் காளிச்சாமி புதைந்தான். உடலை எடுக்கவில்லை. உள்ளே இருந்தது அவன் ஒருவன்தான், வெளியூர்க் கூலியாட்கள் முந்தின நாளே ஊருக்குப் போய்விட்டார்கள் என்று மேஸ்திரி ஞானமுத்து சாட்சி சொன்னார். பூங்கா வேலைக்கும் அவரே மேஸ்திரி.

முதல் நாள் மத்தியானம், புங்கமரக் கிளையில் அவள் மாட்டிய சோற்றுத் தூக்குப்போசி கீழே பாறைமேல் இருந்தது. சோறு இல்லை. கழுவிக் கவிழ்த்திருந்தது. தின்ற போசியை அப்படிக் கவிழ்த்து வைப்பது காளிச்சாமியின் பழக்கம். மறுநாளிலிருந்து அவள் இரண்டு போசி கொண்டுவந்தாள். ஒன்று தினமும் காலியானது.

“ஏனம்மணி, ரெண்டு போசி யாருக்கு?” என்றார் ஞானமுத்து.

“எங்க ஊட்டுக்காரருக்குங்க. பசி தாங்க மாட்டாருங்க.”



வாய்க்காலைத் திறந்து குழிக்குள் தண்ணீர் விடுகிற நாள் வந்தது. பெண்கள் சாப்பிட மரத்தடிக்குப் போனார்கள். கிளையில் ஒரு போசியும் இல்லை. அத்தனை பேருடைய போசிகளும் பாறைமேல் வரிசையாகக் கவிழ்ந்திருந்தன. கழுவின தண்ணீர் இன்னும் வடிந்துகொண்டிருந்தது.

“ஏனுங்க மேஸ்திரி,” என்றாள் மாசாணியம்மாள். “அந்த வெளியூர்க்காரங்க எல்லாம் ஊருக்குப் போயிட்டாங்கன்னுதானுங்களே சொன்னீங்க?”

ஞானமுத்து வேகமாக நடந்துபோய் வாய்க்கால் மதகைத் திறந்துவிட்டார்.