கரட்டோரக் களாப்பழம்

மழை விட்டுச் சற்று நேரந்தான் ஆகிறது. சூரமங்கலத்தில் ரயில் இறங்கிய மாதையனை அவன் மனைவி அத்தாயி பனமரத்துப்பட்டிக்கு நடந்தே அழைத்துப் போகிறாள். பர்மாவில் குண்டு விழுந்தபோது காடு மலையெல்லாம் கால்நடையாகத் தாண்டித் தப்பியவன் அவன். ஸ்டேஷனில் அவளைப் பார்த்துத் தலையாட்டியதோடு சரி. ஈரத்தின்மேல் வெயில் விழுந்து செம்மண் மெல்லப் புகைகிறது. பாறைக் கரட்டோரப் புதர்களில் துளிகள் மினுங்க, அவற்றுக்கு நடுவே கன்னங்கரேலென்று கொத்துக் கொத்தாய்க் களாப்பழம். “ஏனுங்க, இங்க பாருங்க!” என்று அத்தாயி முள்ளுக்குள் கைவிடுகிறாள். கிளை அசைந்து இருவர்மேலும் மழை மறுபடி தூறுகிறது. நாலைந்தைப் பறித்து நீட்டுகிறாள். அவன் வாங்காமல் அவள் உள்ளங்கையையே பார்த்து நிற்கிறான். எங்கோ ஒரு கௌதாரி கூவுகிறது. பிறகு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறான். புளிப்பில் கண் சுருங்குகிறது, உதடு கருஞ்சிவப்பாகிறது.

“வர்ற வழியில, காட்டுக்குள்ள, இப்படித்தான் ஒரு பழம் இருந்துது,” என்கிறான். “தின்னா உசுரு போயிருமின்னாங்க. பசி தாங்காமத் தின்னுபோட்டு, உன்னையத்தான் நெனச்சுட்டுப் படுத்திருந்தேன் புள்ள.”

அத்தாயி இன்னொரு பழத்தை முந்தானையில் துடைத்து, அவளே அவன் வாயில் வைக்கிறாள்.