பிரபுவின் கோட்டில் ஒரு ஜிப்

“ரத்தம் குடிக்கிற பிரபு முந்நூறு வருஷமா சாகாம இருக்கறத நம்புறீங்க. அவர் கோட்டுல ஒரு ஜிப் இருந்தா மட்டும் நம்ப மாட்டீங்களா?”

நூலகர் சிரித்தார். ரத்தக்காட்டேரித் தொடரின் ரசிகர் மன்றத்துக்கு அவர்தான் தலைவர். எதிரே உட்கார்ந்திருந்தவள் சிரிக்கவில்லை. மன்றத்தில் அவளுக்குக் ‘கழுகுக்கண்’ என்று பெயர். தொடரின் பிழைகளைச் சொல்லி இரண்டு வருடமாக அவரோடு அலைபேசியில் மல்லுக்கட்டியவள், இன்றுதான் நேரில் வந்திருக்கிறாள்.

“கதை நடக்கிற காலத்துல ஜிப்பே கிடையாது சார். வெறும் பொத்தான்தான்.”

“நாலு தடவை பார்த்தேன்மா. என் கண்ணுல படலையே!”

“முதுகுத் தையலுக்குள்ள, பதினோரு அங்குலம். கடைசி எபிசோடுல இருபத்திரண்டாவது நிமிஷம் அவர் குனியறப்போ பளிச்சுனு தெரியும்.”

“அடேங்கப்பா, அளந்து பார்த்த மாதிரி சொல்றீங்க!”

“அளந்துதான் சார் தச்சேன்.”

நூலகர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“அந்தத் தொடருக்கு நான்தான் தையல்காரி. நடிகர் சட்டுனு உடை மாத்தணும், ஜிப் வைன்னாங்க. பொத்தான் வச்சே தச்சுத் தரேன்னு தலைகீழா நின்னு பார்த்தேன். ‘யாரு பார்க்கப் போறா’ன்னு இயக்குநர் ஒரே போடா போட்டுட்டார். அதான் மன்றத்துல சேர்ந்தேன்.”

அவள் பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அதன்மேல் பேனாவையும் வைத்தாள்.

“திங்கக்கிழமை அடுத்த பாகத்துக்குத் துணி வெட்டறோம். இன்னொரு தடவை நான் வாயைத் திறந்தா வேலை போயிடும். ரசிகர்கள் பார்த்துட்டாங்கன்னு, மன்றத் தலைவரா நீங்க ஒரு கடிதம் எழுதித் தர்றீங்களா சார்?”