மணி அடிக்கும் நான்கு நிமிடம்

கான்பெரா நாடாளுமன்ற வாசலில் டெஸ்மண்டுக்கு அன்றுதான் காவல் வேலையின் முதல் நாள். நாட்டில் எல்லோரும் அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும் என்ற மசோதா, கீழவையைத் தாண்டி மேலவைக்கு வந்திருந்தது. ஓட்டெடுப்பு மணி அலறியது. நான்கு நிமிடத்தில் அவையின் கதவைப் பூட்டிவிடுவார்கள்; அதற்குமேல் யாரும் ஓட்டுப் போட முடியாது.

தலை நிறைய முடிசுருட்டிகளோடு ஒரு பெண்மணி பாய்ந்து வந்தார்.

"கார்டு, மேடம்?"

"பை சலூன்லயே கிடக்கு. நான் செனட்டர்ப்பா, வழிய விடு!"

"கார்டு இல்லாம யாரையும் விடக் கூடாதுன்னு உத்தரவு, மேடம்."

"பதினெட்டு வருஷமா இந்த வாசல்ல வந்து போறேன். நான் யாருன்னு ஒரு அட்டையா வந்து சொல்லணும்? என்ன அநியாயம் இது!"

டெஸ்மண்ட் போனை எடுத்தான். மேலதிகாரியைப் பிடிப்பதற்குள் மணி நின்றது. கதவும் பூட்டியாயிற்று. அந்த அம்மாள் படியிலேயே தொப்பென்று உட்கார்ந்தார். முதல் நாளே வேலை போயிற்று என்று டெஸ்மண்ட் பயந்தான்.

ஒலிபெருக்கி முடிவைச் சொன்னது. முப்பத்தேழுக்கு முப்பத்தேழு. சமமாக வந்தால் மசோதா தோற்றதாகக் கணக்கு. வெளியே எதிர்ப்புக் கூட்டம் தொப்பிகளைத் தூக்கி எறிந்து ஆடியது.

டெஸ்மண்டுக்கு உயிர் திரும்பி வந்தது. ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான்.

"பாத்தீங்களா மேடம், நீங்க ஓட்டுப் போடாமலே ஜெயிச்சிட்டீங்க!"

அந்த அம்மாள் அவனையே முறைத்தார். பிறகு அவருக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"தம்பி, அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த மந்திரியே நான்தான்!"