நகராத வரிசையில் நடப்பவர்

எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் துறைமுக வாசலைப் பார்த்தபடி மதியத்திலிருந்து நிற்கின்றன. துருவேறிய தகரங்களின் மேல் மாலை வெயில் சிவந்து கிடக்கிறது. ஓட்டுநர் பிராங்கிளின் தன் லாரியையே சுற்றிச் சுற்றி நடக்கிறார். கையிலுள்ள ஸ்டீல் பிளாஸ்கில் ஆவாரம்பூ கொதிக்கவைத்த தண்ணீர். சுற்றுக்கு ஒரு மடக்கு, முகம் சுளிக்காமல் குடிக்கிறார். பின்னால் நிற்கும் லாரியின் சுடலைராஜ், மடியில் பரோட்டாப் பொட்டலத்தோடு ஜன்னல் வழியே சிரிக்கிறான். "இன்னா நைனா, வண்டிய கோயிலாட்டம் சுத்திகினு கீற?" "சிரிச்சுக்கோ. எங்கண்ணனும் உன்னாட்டம் ராவும் பகலும் சீட்லயே குந்திகினு துன்னவன்தான். சுகர் ஏறி ஒரு காலை எடுத்துட்டாங்கோ. என் காலை நான் குடுக்க மாட்டேன்." நடை நிற்கவில்லை. சட்டைப்பையில் மாத்திரை அட்டை சரசரக்கிறது. இந்தச் சாலையில் ஒரு சாண் இடத்தை விட்டுக்கொடுப்பவனை யாரும் டிரைவர் என்று மதிக்க மாட்டார்கள். பிராங்கிளின் லாரியின் பின்முனையைத் திரும்பும்போதுதான் வரிசை அசைகிறது. அவர் லாரிக்கு முன்னால் இடம் விழுகிறது. பின்னாலுள்ள ஹாரன்கள் எல்லாம் சேர்ந்து அலறுகின்றன. "ஏறு நைனா, எவனாச்சும் பூந்துடுவான்" என்று கத்துகிறான் சுடலைராஜ். அதற்குள் பக்கத்து வரிசை லாரி ஒன்று மூக்கை நுழைத்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பிராங்கிளின் பிளாஸ்கைச் சாய்த்துக் கடைசி மடக்கையும் குடிக்கிறார். "போவட்டும். எடம் போனா இன்னொரு எடம் வரும்." சொல்லிவிட்டு இடது காலை எடுத்து வைக்கிறார். பிறகு வலது காலை.