புழு வைத்த கத்தரி

உள்ளே புழு நெளிந்தால்தான் அது மருந்தடிக்காத காய் என்று ஊரே நம்பத் தொடங்கிவிட்டது. சந்தை வாசலில் அதிகாரி ஒரு கத்தரிக்காயைப் பிளந்து பார்ப்பார். புழு உயிரோடு இருந்தால் அந்தக் கூடைக்குப் பச்சை முத்திரை. அதனால், மருந்தில் குளித்து வரும் காய்களுக்குள் புழு வைப்பதற்கென்றே ஊருக்கு வெளியே ஒரு கொட்டகை இருந்தது. செண்பகத்துக்கு அங்கேதான் வேலை.

மருந்து கலந்த மாவிலேயே வளர்ந்த புழுக்கள், லேசில் சாகாதவை. காம்புக்கடியில் ஊசியால் துளை போட்டு, ஒன்றை உள்ளே தள்ளி, பிசின் வைத்து அடைக்க வேண்டும். எவ்வளவு சோப்புப் போட்டாலும் விரலில் அந்த வழவழப்பும் நாற்றமும் போகாது. வீட்டில் பேக்கிங் வேலை என்றுதான் சொல்லியிருந்தாள்.

அன்று அவள் சீக்கிரமே வீடு திரும்பியபோது, கணவன் தணிகைவேல் அடுப்படியில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தான்.

"செண்பகம், இங்க வந்து பாரேன்! உசுரோட எப்படி நெளியுது!"

அவள் அந்தக் காயைக் கையில் வாங்கினாள். காம்பைத் திருப்பிப் பார்த்தாள். மற்றவர்கள் போடும் துளைக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தது பிசின் அடைத்த அந்தத் துளை. கொட்டகையில் இடதுகைக்காரி அவள் ஒருத்திதான்.

"இத எங்கங்க வாங்குனீங்க?"

"முத்திரைக் கடையிலதான். நீ முழுகாம இருக்கேன்னு தெரிஞ்ச நாள்லேருந்து உனக்குன்னு தனியா இதத்தான் வாங்கிச் சமைக்கிறேன். புள்ளைக்கு ஒரு துளி விஷம் போயிடக் கூடாதுல்ல?"

வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். குடலே வெளியே வருவதுபோல் வாந்தியெடுத்து நிமிர்ந்தபோது, முதல் முறையாக, வயிற்றுக்குள் குழந்தை மெல்ல நெளிந்தது.