உப்பு ஏறிய குளம்

“உப்பு தானா ஏறாதும்மா. யாராவது கொண்டுவந்து போட்டாத்தான் ஏறும்,” என்றார் பம்ப்புக்காரர், உப்பு அளக்கும் மீட்டரைத் துடைத்து மறுபடியும் தண்ணீரில் முக்கியபடி.

நீச்சல்குளத்தின் ஓரத்தில் நின்றிருந்த வீட்டுக்காரப் பெண் குனிந்து, மிதந்த இலை ஒன்றை எடுத்துப் போட்டாள்.

ஊரில் பாதி வீட்டுக் குளங்கள் அவர் பொறுப்பில்தான். பேய் பிசாசுக்கெல்லாம் பயப்படாத மனிதர். பாசிக்கு மட்டும் பயப்படுவார். உப்புத் தண்ணீர்க் குளத்தில் பெரிய சூட்சுமம் ஒன்றும் கிடையாது. பம்ப் ஓடினால் அதோடு இணைத்த மெஷின் அந்த உப்பிலிருந்தே குளோரின் உண்டாக்கும். ஆள் இறங்கிக் குளித்தால் குளோரின் குறையும். இந்தக் குளத்தில் மட்டும் கணக்கு உதைத்தது. மீட்டரில் மூவாயிரத்துச் சொச்சம் காட்ட வேண்டிய உப்பு ஐயாயிரத்தைத் தாண்டியிருந்தது. குளோரினோ மருந்துக்குக்கூட இல்லை. தினமும் யாரோ மணிக்கணக்காகக் கிடந்து நீந்தினால்தான் குளோரின் இப்படிப் போகும். இந்த வீட்டில் இருப்பது அவள் ஒருத்திதான். அவளுக்கு நீச்சலும் தெரியாது.

போன வாரமே பம்ப்பை ஆறு மணி நேரத்திலிருந்து பத்து மணி நேரமாகக் கூட்டி வைத்துவிட்டுப் போயிருந்தார். டைமரை யாரோ மாற்றியிருந்தார்கள். கேட்டதற்கு, மதியம் மூன்று மணிக்குத் தான்தான் நிறுத்திவிடுவதாக மென்று விழுங்கினாள்.

“ஏம்மா?”

“அந்த நேரத்துலதான் அவர் இறங்குவாரு. பம்ப் சத்தம் அவருக்கு ஆகாதுண்ணே.”

அவள் ‘அவர்’ என்றது கணவனைத்தான். அவன் கப்பலில் மெக்கானிக். நாலு மாதத்துக்கு முன்னால் அந்தக் கப்பல் மூழ்கிவிட்டது. அவன் உடல் மட்டும் கிடைக்கவில்லை. கம்பெனி அவனைத் தலைமுழுகிவிட்டு, இறந்துபோனதாகக் கையெழுத்துப் போடச் சொல்லி நச்சரித்தது. அவர் திரும்பி வருவார், போட மாட்டேன் என்று இவள் ஒற்றைக்காலில் நின்றாள்.

அவள் பார்க்காத நேரத்தில் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். மூட்டை உப்பு வெறுமனே கரிக்கும். இது கசந்தது. அசல் கடல் தண்ணீரின் கசப்பு. கடலோ பஸ்ஸில் போனாலே மூன்று மணி நேரம்.

“கண்ணால பார்த்தியாம்மா?”

“முகம் காட்ட மாட்டேங்கிறாரு. தண்ணி விலகி விலகிப் போகும், முதுகு தெரியும். பேர் சொல்லிக் கூப்பிட்டா அப்படியே நிப்பாரு.”

பாதித் தண்ணீரை வெளியேற்றாவிட்டால் மெஷின் பாழாகிவிடும் என்று அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“தண்ணியை எடுத்துட்டா அவர் எங்கண்ணே வருவாரு?”

அதற்கு மேல் அவருக்கு மனசு வரவில்லை. இத்தனை வருடத் தொழிலில் முதல்முறையாக, பாசி பிடித்தால் பிடித்துத் தொலையட்டும் என்று நினைத்தார். மீட்டரைப் பையில் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

அப்போதுதான் அவள் போன் அடித்தது. தெரியாத எண். காதில் வைத்தவள், அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பம்ப்புக்காரர் பதறிப்போய் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டார்.

“நான்தாம்மா. உயிரோட இருக்கேன்.”

மீன்பிடிப் படகு ஒன்று அவள் கணவனைத் தூக்கிக் காப்பாற்றியதாம். பேர் சொல்லவும் நினைவில்லாமல் ஏதோ ஒரு நாட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தானாம். நேற்றுத்தான் எல்லாம் ஞாபகம் வந்ததாம். அவன் மட்டுமே கூப்பிடும் செல்லப் பேரைச் சொல்லிச் சொல்லி, அந்தப் பக்கத்திலிருந்து அழுதான், சிரித்தான், அடுத்த வாரம் வந்துவிடுவேன் என்றான்.

பம்ப்புக்காரருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அழாதம்மா, நல்ல சேதிதானே,” என்றார்.

அவள் அழவில்லை. மாடி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நேத்து, குளத்துல நின்னவரை உள்ள வாங்கன்னு நான்தாண்ணே கூப்பிட்டேன்,” என்றாள். “இப்ப மேல படுத்துத் தூங்கிட்டிருக்கிறது யாரு?”