நாற்பதாவது அடி

லயான் என் கல்லறைத் தோட்டத்தில் ஏழு பேய்களை வெட்டிச் சாய்த்துவிட்டு, அடுத்த அறைக்குப் போகிற இடைவெளியில் ஒரு கை தர்ப்பூசணி விதையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

பின்னால் நின்றுகொண்டிருந்த எனக்கு வயிறு எரிந்தது.

பேய் விளையாட்டு ஆடுகிறவள் விதை கொறிக்கக் கூடாது. அதுவும் தொலியைக் காகிதத் தட்டில் ஒழுங்காகத் துப்பிக்கொண்டு.

கணினி விளையாட்டு செய்கிற எங்கள் அலுவலகத்தில் சோதனை நாளுக்கு ஒரே விதி. ஆடிப் பார்க்க வந்தவருக்குப் பின்னால், அந்தக் கட்டத்தைச் செய்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. லயான் கீழ் மாடியில் குடியிருக்கும் பெண், மருந்தியல் படிக்கிறாள். எந்தக் கட்டத்தை யார் செய்தது என்று அவளுக்குத் தெரியாது.

கல்லறைத் தோட்டம் நான் செய்தது. அடுத்து வரும் சுரங்கம் துகா செய்தது. இரண்டில் ஒன்றுதான் அடுத்த மாதம் ரியாத் கண்காட்சிக்குப் போகும். செய்தவரும் கூடவே போவார்.

"வியாழக்கிழமை அந்தப் பொண்ணு எதுல பயப்படுதோ, அது போகுது," என்று முதலாளி அபூ கரம் சொல்லிவிட்டார்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்து ஒன்பது வருடம். துகா வந்து பதினோரு மாதம்.

வந்த முதல் வாரமே அவள் வரைந்த கூலாவைப் பார்த்து அபூ கரம் தேநீரை மடியில் கொட்டிக்கொண்டார். கூலா ஒன்றும் புதிதில்லை. சாப்பிட அடம்பிடிக்கும் குழந்தைகளுக்கு எங்கள் அம்மான் நகரத்தில் எல்லா அம்மாக்களும் காட்டுகிற அதே தலைவிரிகோலப் பெண் பேய்தான். அன்றிலிருந்து துகா குடிக்கிற ஏலக்காய்க் காப்பியின் வாசம்கூட எனக்கு ஆகாது.

லயான் சுரங்கத்துக்குள் இறங்கினாள்.

திரையில் விளக்கேந்திய சிறுமி இடமிருந்து வலமாக நடந்தாள். முழங்கால் அளவு தண்ணீர். தலைக்கு மேலே ரோமர் காலத்துக் கல். பின்னால் யாரோ மூச்சு விடுகிற சத்தம். நாற்பதாவது அடியில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு கூலா வர வேண்டும்.

முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. நாற்பது.

வரவில்லை.

துகா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். வாயைத் திறக்கக் கூடாதே, உதட்டைக் கடித்துக்கொண்டாள். நான் லயானின் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன், எப்போது விதைத் தட்டுக்குப் போகும் என்று.

போகவில்லை.

ஐம்பது அடி. எழுபது. மூச்சுச் சத்தம் மட்டும் பக்கத்தில் வந்துகொண்டே இருந்தது. லயான் சிறுமியைத் திருப்பி நிறுத்தி வந்த வழியைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. வாளை வெறுங்காற்றில் இரண்டு முறை வீசினாள். மறுபடி நடந்தாள். விளக்கில் எண்ணெய் குறைந்துகொண்டே வந்தது. லயான் தன் இரண்டு காலையும் நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டாள்.

நூற்றிருபதாவது அடியில் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"என்னால முடியாது," என்றாள். "அது எங்க இருக்குன்னு மட்டும் சொல்லிடுங்க."

அரை நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு ஹெட்போனை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டாள்.

அபூ கரமின் முகத்தைப் பார்த்தேன். முடிவு செய்துவிட்டார். பயந்து எழுந்து போகிறவர்கள் எத்தனையோ பேர். பயந்த பிறகும் திரும்பி உள்ளே போகிறவர்களுக்காகத்தான் நாங்கள் எல்லோரும் இதைச் செய்துகொண்டிருக்கிறோம். ஒன்பது வருடத்தில் எனக்கு ஒருவர்கூட அப்படித் திரும்பி வந்ததில்லை.

ஆட்டம் முடிந்ததும் ஆளாளுக்குப் பேசத் தொடங்கினார்கள். துகா மட்டும் தன் கணினிக்கு ஓடிப்போய் மாற்றங்களின் பதிவேட்டைத் திறந்தாள். எங்கள் தொழிலில் யார் எதைத் தொட்டாலும் நேரத்தோடும் பெயரோடும் அதில் ஏறிவிடும்.

தோற்றுப்போன கட்டத்தின் பதிவேட்டை யாரும் திறப்பதில்லை. ஜெயித்தால்தான் திறப்பார்கள். சுரங்கம் ஜெயிக்கும் என்று எனக்கு முந்தின நாள் தோன்றவில்லை.

"நேத்து சாயங்காலம், அஞ்சு அம்பது," என்று துகா சத்தமாகப் படித்தாள். "கூலா வர்ற அடி நாப்பது இல்ல, நாலாயிரம்னு இருக்கு. மாத்தினது... உஸ்தாத் ஐஹம்."

ஐஹம் நான்தான். உஸ்தாத் என்று மரியாதையாக என்னைக் கூப்பிடுகிறவள் அந்த அலுவலகத்தில் அவள் ஒருத்திதான்.

கூலா வராவிட்டால் வெறும் தண்ணீரும் கல்லும்தான், லயான் கொட்டாவி விடுவாள், மத்தியானமே பழைய எண்ணைத் திருப்பிப் போட்டுவிடலாம் என்று நினைத்துத்தான் இரண்டு சைபரைச் சேர்த்தேன்.

துகா எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்ன கொறையுதுன்னு தெரியாம ரெண்டு மாசமா மண்டைய ஒடச்சிக்கிட்டு இருந்தேன்," என்று எல்லோரிடமும் சொன்னாள். "இந்த மனுஷன் ரெண்டு சைபர் போட்டு சரி பண்ணிட்டு, சொல்லிக்கக்கூட இல்ல பாருங்க. அபூ கரம், ரியாத்துக்கு இவர் வரலன்னா நானும் போகல."

அபூ கரம் என் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தமிட்டார். யாரோ கனாஃபே இனிப்பு வாங்கப் படியிறங்கி ஓடினார்கள்.

"அது வரவே கூடாதுன்னு உங்களுக்கு எப்படித் தோணுச்சு?" என்று லயான் கேட்டாள்.

"துகாவோட கட்டம் நல்லா வரணும்னு நெனச்சேன்," என்றேன்.

துகாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் சொன்னதை அப்படியே நம்பிவிட்டாள்.

இவ்வளவு சுலபமாக இவளால் ஒருவரை நம்ப முடிகிறதே என்று, அதற்கும் எனக்குப் பொறாமையாக இருந்தது.